மரத்தடியைச் சுத்தமாக வைக்கவும்

துணி துவைக்கும் முன் பைக்குள் கை விட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ஐந்து வயதுப் பெண் குழந்தையின் பள்ளிச் சட்டைப் பைக்குள் கை விட ஒரு தனித் துணிச்சல் வேண்டும். போன வாரம் அதிலிருந்து பாதி தின்ற பிஸ்கட்டும் ஒரு பல்லும் வந்தன. பல் இவளுடையது அல்ல. யாருடையதுடி என்று கேட்டால், "பெரிய கிளாஸ் அக்காவோடது, ரப்பருக்கு மாத்திக்கிட்டேன்" என்று அலட்சியமாகப் பதில் வந்தது.

இன்றைக்கு விரலில் பட்டது வெங்காயச் சருகு மாதிரி நொறுங்கியது. மரத்தம்மா அதை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுண்டு விரல் நீளத்தில் பழுப்பு நிற ஓடு. உள்ளே ஒன்றுமில்லை. தலைப்பக்கம் வெடித்திருந்தது. உடம்பைச் சுற்றிச் சுற்றி ரம்பப் பல் மாதிரி நுணுக்கமான முட்கள். 

மரத்தம்மா என்பது ஆபீஸில் வைத்த பெயர். நகரசபையில் மரங்களைச் சோதிக்கிற உத்தியோகம் அவளுக்கு. தெருவோர மரம், பூங்கா மரம், பள்ளிக்கூட மரம் எல்லாவற்றையும் வருடத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் அடிமரத்தைத் தட்டி, சத்தத்தைக் கேட்டு, சுற்றி வந்து, 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வருடமாகப் போடுகிறாள். அவள் கையெழுத்து வாங்கிய ஒரு மரமும் இதுவரை யார் தலையிலும் விழுந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. இருக்கட்டுமே, இருக்கக் கூடாதா என்ன!

"சின்னக்குட்டி! இங்க வா. இது ஏதுடி?"

"ஐயோ, உடைச்சிட்டியா? அது என்னோட பூச்சிச் சட்டை!"

"எங்க எடுத்தே?"

"எங்க ஸ்கூல் குடை மரத்துல. பெஞ்சு மேல விழுந்து கிடக்கும். சிலது மரத்துலயே நீட்டிக்கிட்டு நிக்கும், பெஞ்சு மேல ஏறினாலும் எட்டாது." குழந்தை உள்ளே ஓடிப் போய் ஒரு டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து திறந்து காட்டியது. "பதினொண்ணு வச்சிருக்கேன். எங்க கிளாஸ் முட்டக்கண்ணிகிட்ட இருபது இருக்கு. எனக்குத்தாம்மா ரொம்பக் கம்மி."

பதினொன்றும் இருபதும் முப்பத்தொன்று. சோப்பு நுரையில் சட்டை ஊறிக்கொண்டிருக்க, மரத்தம்மா அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏன் உட்கார்ந்தாள் என்று புரிய வேண்டுமானால் அந்த ஓட்டுக்குச் சொந்தக்கார அந்துப்பூச்சியின் ஜாதகத்தைக் கொஞ்சம் கேட்டுத்தான் ஆக வேண்டும். பெண் பூச்சி மரப்பட்டையின் வெடிப்பில் முட்டையிடும். ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில். பொரிந்து வரும் புழு நூல் கனம்கூட இருக்காது. பட்டையைக் குடைந்து உள்ளே போகும். போனது போனதுதான், இரண்டு மூன்று வருடத்துக்கு வெளியே தலை காட்டாது. ராத்திரி பகல் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது, கட்டையைத் தின்று தின்று விரல் தடிமனுக்கு வளர்ந்து, தன் தடிமனுக்கே சுரங்கம் வெட்டிக்கொண்டு போகும். வெளியிலிருந்து பார்த்தால் மரம் பச்சைப் பசேல் என்று நிற்கும்.

ஒரே ஒரு தடயம் உண்டு. எச்சத்தையும் மரத்தூளையும் அது ஓட்டை வழியாக வெளியே தள்ளும். மஞ்சளும் பழுப்புமாக, ரவை மாதிரி, மரத்தடியில் கொட்டிக் கிடக்கும். அதனால்தான் இந்த வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: நிமிர்ந்து கிளையைப் பார்க்கும் முன்னால் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும்.

தின்றது போதும் என்று தோன்றியதும் புழு ஓட்டை வாசலுக்குப் பக்கத்தில் வந்து கூட்டுப்புழுவாக அடங்கும். பிறகு ஒரு நாள் முட்களை ஊன்றி ஊன்றிப் பாதி உடம்பை வெளியே நீட்டும். ஓடு வெடிக்கும், பூச்சி பறக்கும். அந்தப் பூச்சிக்குத் தின்ன வாய் கிடையாது. தின்ன வேண்டியதையெல்லாம் புழுவாக இருந்தபோதே தின்று முடித்தாயிற்று. ஒரு வாரம் உயிரோடு இருக்கும். அதற்குள் ஜோடி சேர்ந்து, பக்கத்தில் இருக்கிற மரங்களில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும்.

ஆக, டிபன் பாக்ஸில் இருப்பது வெறும் ஓடு அல்ல. சின்னக்குட்டிக்கு இரண்டு வயதாக இருந்தபோதிலிருந்து குடை மரத்துக்குள் முப்பத்தொரு புழுக்கள் உட்கார்ந்து தின்றிருக்கின்றன. குறைந்தபட்சக் கணக்கு இது. குழந்தைகளின் கண்ணில் படாதது எத்தனையோ. அந்த மூன்று வருடத்தில் மரத்தம்மா மூன்று தடவை அங்கே போயிருக்கிறாள். கடைசியாகப் போனது இரண்டு மாதத்துக்கு முன்னால். மூன்று தடவையும் முதலில் குனிந்து தரையைத்தான் பார்த்தாள். கழுவித் துடைத்த மாதிரி இருந்தது தரை. அடிமரத்தைத் தட்டினாள், கணீரென்று கேட்டது. மேலே பெஞ்சுக்கு நேராகப் போகிற அந்தப் பெரிய கிளையைத் தட்ட ஏணி வேண்டும். ஏணி எடுத்துப் போகவில்லை. தரை சுத்தமாக இருக்கும்போது ஏணி எதற்கு? மூன்று தடவையும் 'நல்ல நிலையில் உள்ளது'.

அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்துவது யார் என்று நினைக்கிறீர்கள்? வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார். புருஷனின் அக்கா. அதுவும் போதாதென்று, மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பள்ளி குரூப் போட்டோ. வருடா வருடம் குடை மரத்தடியில்தான் எடுப்பார்கள். எண்பது குழந்தைகளையும் பெஞ்சைச் சுற்றி வரிசையாக உட்கார வைத்து, மேலே அந்தக் கிளையில் பள்ளிக்கூடத்தின் இரும்புப் பெயர்ப்பலகையைக் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். மரத்தம்மா எழுந்தாள். ஈரக் கையோடு போனை எடுத்தாள்.

"அண்ணி, நாளைக்கு போட்டோவை மரத்தடியில வைக்க வேண்டாமே."

"ஏன்? என்னாச்சு?"

என்னாச்சு என்று சொல்ல வேண்டியதுதானே! மரத்தைப் பூச்சி தின்றுவிட்டது, நான் பார்க்கத் தவறிவிட்டேன் என்று இரண்டு வாக்கியம். ஆனால் பதினோரு வருடக் கர்வம் குறுக்கே வந்து நின்றது. "ஒண்ணுமில்ல அண்ணி. சும்மா, இன்னொரு தடவை பார்த்துட்டு எடுத்தா நல்லதுன்னு தோணுச்சு."

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதானே நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்தே? அதைக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கேன். எல்லா வீட்டுக்கும் சொல்லியாச்சு, போட்டோக்காரருக்கும் சொல்லியாச்சு. கடைசி நேரத்துல வந்து குழப்பாதேம்மா. போட்டோ முடிஞ்சதும் நீ எத்தனை தடவை வேணும்னாலும் பாரு." டக்கென்று வைத்துவிட்டாள்.

புருஷனிடம் சொன்னாள். அவன் பதறித்தான் போனான். ஆனால், "நீங்க உங்க அக்காகிட்ட சொல்லுங்களேன்" என்றதும் முகம் மாறிவிட்டது. "நானா? பத்தாங்கிளாஸ்ல பெயிலானதையே அவகிட்ட நான் இன்னும் சொல்லல" என்றான். நல்ல மனுஷன், ஆனால் அக்கா என்றால் அப்படி ஒரு பயம். அப்புறம் ராத்திரி அவள் தூங்கினாளா என்று கேட்காதீர்கள்.

காலையில் முதல் வேலையாகக் கோடாலிக்குப் போன் செய்தாள். கோடாலி என்பது ஒரு ஆள், நகரசபைக்கு மரம் வெட்டுகிறவர். கயிறும் ரம்பமும் ஏணியும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன், ஆனால் வேறொரு வேலை கையில் இருக்கிறது, ஒன்பதரை ஆகும் என்றார். போட்டோவுக்குக் குழந்தைகளைத் தயார் பண்ண வேண்டும் என்று பள்ளி வேன் ஏழரைக்கே வந்து சின்னக்குட்டியை அள்ளிக்கொண்டு போயிருந்தது. "இன்னைக்கு நீ போக வேண்டாம்டி" என்று இவள் சொல்லிப் பார்க்காமல் இல்லை. முதல் வரிசை கிடைத்திருக்கிற குழந்தையிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும். வீடே ரெண்டுபட்டது. நான் முன்னாடியே போய் நிறுத்திவிடுவேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அனுப்பினாள். போகிற வழியில் ஸ்கூட்டர் நின்றுபோயிற்று. நாசமாய்ப் போகிற வண்டிக்கு நாள் கிழமை தெரியுமா? தள்ளிக்கொண்டே ஓடினாள்.

பள்ளிக்கூடம் இருக்கிற தெரு நீளமான தெரு. இரண்டு பக்கமும் மரங்கள், நாற்பத்தொன்று. எல்லாவற்றிலும் அவள் அடித்த தகர எண். தெருக்கோடியில் துப்புரவு வண்டி அப்போதுதான் வந்து நின்றது. அவள் எதையும் பார்க்கவில்லை, மூச்சிரைக்க கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எண்பது குழந்தைகளும் மூன்று வரிசையாகத் தலை வாரி உட்கார்ந்திருந்தார்கள். பெயர்ப்பலகை கிளையில் ஆடிக்கொண்டிருந்தது. முதல் வரிசை நடுவில், பெஞ்சின் மேல், சின்னக்குட்டி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி இருந்தாள். சுற்றிலும் அம்மாக்களும் அப்பாக்களும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போட்டோக்காரர் கேமராவுக்குப் பின்னாலிருந்து, "எல்லாரும் இங்க பாருங்க, ஒரு குருவி வரப்போகுது" என்று புளுகிக்கொண்டிருந்தார்.

மரத்தம்மா நிமிர்ந்து பார்த்தாள். கிளை அடிமரத்தோடு சேர்கிற கவட்டில் ஈரக்கசிவு கறுப்பாக வழிந்து காய்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், வெடித்த ஓடு ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணி! பிள்ளைங்களை எழுப்புங்க. உடனே!"

நாத்தனார் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! பெற்றோர்கள் எதிரில் சிரிப்பை முகத்திலிருந்து எடுக்காமலே பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். "நேத்தே சொன்னேன்ல? ஒரு நிமிஷம். ஒரே ஒரு கிளிக்."

"ஒரு நிமிஷம்கூட வேண்டாம். கிளை உள்ள ஒண்ணுமே இல்ல."

"அப்ப நீ எழுதிக் கொடுத்தது?"

எல்லோரும் இவளையே பார்த்தார்கள். குழந்தைகள் நெளிய ஆரம்பித்தன. பலகை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.  சின்னக்குட்டி அம்மாவைப் பார்த்துக் கையாட்டினாள்.

"நான் எழுதினது தப்பு" என்றாள் மரத்தம்மா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "மூணு வருஷமா தப்பா எழுதியிருக்கேன். ஏணி போட்டுப் பார்க்கல. பிள்ளைங்களை எழுப்புங்க."

அப்புறம் யாரும் யாருக்கும் காத்திருக்கவில்லை. அவரவர் பாய்ந்து குழந்தைகளை அள்ளினார்கள். இரண்டு நிமிடத்தில் மரத்தடி காலி. வரிசை கலைந்ததில் பாதிக் குழந்தைகள் அழுதன. மீதிப் பாதி, மற்றவை அழுவதைப் பார்த்து அழுதன. போட்டோக்காரர் முணுமுணுத்துக்கொண்டே எல்லோரையும் காம்பவுண்டுச் சுவர் ஓரம் வெயிலில் நிற்க வைத்து, கண் கூசக் கூச ஒரு போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பினார்.

கிளை அசையக்கூட இல்லை.

கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. இலையெல்லாம் பளபளவென்று வெயிலில் மின்ன, மரம் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றது. பெற்றோர்களில் ஒருவர், "இதுக்குப் போயா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார். இன்னொருவர், "இவங்க எழுதினது தப்பா, இப்ப சொல்றது தப்பா?" என்றார். சிரித்தார்கள். நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. "சந்தோஷமா?" என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அரை மணி நேரமும் மரத்தம்மாவின் மனது ஒரு நிலையில் இல்லை. கிளை விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. விழாவிட்டால் இந்த முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று இன்னொரு பக்கம் அடித்துக்கொண்டது. நான் என்ன பெண்பிள்ளை, கிளை விழ வேண்டும் என்று நினைக்கிறேனே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. மரத்தடிக்கு யாரும் வராதபடி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வெயிலிலேயே நின்றாள்.

ஒன்பதே முக்காலுக்குக் கோடாலி வந்தார். ஒரு சுற்று வந்து பார்த்தார். "முதல்ல இந்தப் பலகையை இறக்கணும்" என்று தள்ளி நின்று, தொங்கிக்கொண்டிருந்த கயிற்று நுனியைப் பிடித்தார். முடிச்சு இறுகியிருந்தது. "நீங்க தள்ளி நில்லுங்கம்மா. இழுத்தா வந்துடும்" என்று ஒரு இழுப்பு இழுத்தார்.

பலகை வரவில்லை. கிளை வந்தது.

மடேர் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கவட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு, இலையும் தழையும் இரும்புப் பலகையுமாக நேரே பெஞ்சின் மேல் இறங்கியது. கோடாலி இரண்டடி பின்னால் விழுந்து, எழுந்து, தன் கை கால்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார். புழுதி அடங்கிய பிறகு பார்த்தால் பெஞ்சு நடுவில் இரண்டாக முறிந்து, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி நின்றது. நடு இடத்தில் யார் உட்கார்ந்திருந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

 சற்று முன் சிரித்த அப்பா ஒருவர் தன் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மரத்தம்மா சின்னக்குட்டியைத் தேடிப் பிடித்து முகத்தை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். "அம்மா, மூச்சு முட்டுது" என்றது குழந்தை. அவள் விடவில்லை.

முறிந்த வாயைக் கோடாலி காட்டினார். ஆள் தொடை தடிமன் கிளை. சுற்றிலும் இரண்டு விரல் கனத்துக்குத்தான் கட்டை. நடுவில் ஓட்டை ஓட்டையாக, விரல் விட்டால் போகிற சுரங்கங்கள். ஒரு சுரங்கத்திலிருந்து சிவப்பு முதுகோடு ஒரு கொழுத்த புழு தலையை நீட்டி, வெளிச்சம் பிடிக்காமல் உள்ளே இழுத்துக்கொண்டது. புளித்த வாடை அடித்தது.

 அந்த நேரம் பார்த்து ஆயாம்மா துடைப்பமும் முறமுமாக வந்தாள். பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாள், கேட்காமல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். கிளை விழுந்து குப்பையாகிவிட்டது, பெருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. குனிந்தவள் சுரங்கத்திலிருந்து கொட்டிய மஞ்சள் தூளைப் பார்த்து, "அட, இந்தத் தூளா!" என்றாள்.

நாத்தனார் திரும்பினாள். "என்ன தூள்? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தினமும் கொட்டிக்கிட்டுதானே இருந்துச்சு. ரெண்டு மூணு வருஷமா. காலையில ஒரு முறம், சாயங்காலம் ஒரு முறம் அள்ளிப் போடுவேன்."

"அள்ளிப் போட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது? எண்பது பிள்ளைங்க உயிரு! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" பயந்த பயமெல்லாம் கோபமாக மாறி ஆயாம்மா தலையில் இறங்கியது. பெற்றோர்களும் சேர்ந்துகொண்டார்கள். கிடைத்தது ஆள் என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆயாம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்கதானேம்மா படிச்சுக் காட்டினீங்க? ஆபீசுல எழுதியிருக்காங்க, ஒரு தூசி இருக்கக் கூடாதுன்னு. ஆபீஸர் வர்ற அன்னைக்கு மூணு தடவை பெருக்கித் தண்ணி தெளிச்சேனே!" என்றாள். விடுவிடுவென்று துடைப்பம் வைக்கிற அறைக்குப் போய், கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாளைக் கிழியாமல் பிரித்து எடுத்து வந்தாள். ஓரமெல்லாம் மக்கிப் போன நகரசபைத் தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய சோதனை அறிக்கையின் நகல். 'நல்ல நிலையில் உள்ளது' என்பதற்குக் கீழே, குறிப்பு என்ற இடத்தில் ஒரே ஒரு வரி:

'மரத்தடியைச் சுத்தமாக வைக்கவும்.'

மரத்தம்மா தாளை வாங்கி அந்த எழுத்தைப் பார்த்தாள். 'சு'வுக்கு வால் நீட்டி எழுதுகிற பழக்கம் ஆபீஸிலேயே ஒருத்திக்குத்தான் உண்டு. அவள் கையெழுத்தில் அந்த வால் கீழே வரை ஓடியிருந்தது. அன்றைக்கு என்ன கிடந்தது மரத்தடியில்? இரண்டு பிஸ்கட் காகிதம். குறிப்பு இடம் காலியாக இருக்கக் கூடாது என்று மேலதிகாரி சொல்வார், எதையாவது எழுத வேண்டுமே என்று எழுதியது. எழுதினவளுக்கு மறந்துவிட்டது. கேட்டவள் மூன்று வருடமாக மறக்கவில்லை.

ஆயாம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் யாருக்கும் அந்தத் தாளைப் படிக்கப் பொறுமை இல்லை. மடித்துப் பைக்குள் போட்டிருந்தால் கேட்க நாதியில்லை. ஒரு கணம் மரத்தம்மாவின் கை மடிக்கவும் போயிற்று. சொல்லத்தான் வேண்டும், போயிற்று.

"அவங்களைத் திட்டாதீங்க அண்ணி" என்றாள். "அந்தத் தூளைப் பார்த்திருந்தா எனக்கு முதல் வருஷமே தெரிஞ்சிருக்கும். அதைக் கூட்டச் சொன்னது நான். இது என் கையெழுத்து."

தாளை நாத்தனார் கையில் கொடுத்தாள். நாத்தனார் படித்தாள். மறுபடி படித்தாள். ஆயாம்மாவின் தோளில் கை வைத்தாள். ஆயாம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் மறுபடி துடைப்பத்தோடு குனிந்தாள்.

"வேண்டாம் ஆயாம்மா. கூட்டாதீங்க. இனிமே கூட்டவே கூட்டாதீங்க."

துடைப்பம் நின்றது. ஆனால் பெருக்குகிற சத்தம் நிற்கவில்லை. சர்ர், சர்ர் என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, தெருவிலிருந்து, கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு துடைப்பம் அல்ல, நாலைந்து.

அப்போதுதான் மரத்தம்மாவுக்கு நினைவு வந்தது. அந்த வருடம் குறிப்பு எழுத வேண்டிய தாள் ஒன்றல்ல. இந்தத் தெருவில் மட்டும் நாற்பத்தொன்று. உட்கார்ந்து யோசிக்கச் சோம்பல்பட்டு எல்லாவற்றிலும் அதே வரியை எழுதினாள். துப்புரவுப் பிரிவுக்கு ஒரு நகல் போகும் என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். ஒரு வாரம் பறந்த பூச்சிகள் முட்டையிட எங்கே போயிருக்கும் என்பதும் தெரியும். இந்த வருடப் பூச்சிகள் மட்டுமா, மூன்று வருடத்துக்கு முன் இந்த மரத்துக்கு வந்தவை இந்த ஒரு மரத்துக்கு மட்டும்தானா வந்திருக்கும்?

குழந்தையை நாத்தனார் கையில் திணித்துவிட்டு கேட்டைத் திறந்துகொண்டு ஓடினாள். தெரு முழுக்க வரிசையாகக் குனிந்து, மரம் மரமாகப் பெருக்கிக்கொண்டு வந்தார்கள் ஐந்து பேர். தெருமுனையிலிருந்து பாதித் தூரம் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. பெருக்காத பாதியில், முதல் மரத்தடியில், மஞ்சளாக ஒரு குவியல். அதற்கடுத்த மரத்தடியில் இன்னொன்று. அதன் கீழே தள்ளுவண்டிக்காரர் ஒருவர் நிழலுக்காக வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் மரத்தம்மா. "கூட்டாதீங்க! ஐயா, அங்கேயிருந்து தள்ளி வாங்க!"

முன்னால் வந்த பெண் துடைப்பத்தை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். ஆபீஸர் அம்மாவை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"இதோ ஆச்சும்மா" என்றாள் பணிவாக. "ரெண்டே நிமிஷம், சுத்தமாக்கிடறோம்."